பையோடு சேர்த்து

ஸ்வான்சீ சந்தையில் மீன் விற்கிறவர் கெதின்.
வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு
கடையை மச்சான் எம்லினிடம் விட்டுவிட்டு
பின்னால் போய்
ஐஸ் பெட்டிமேல் மடிக்கணினியை வைத்து
உட்கார்ந்தபடியே வரிசையில் நின்றார்.

உங்களுக்கு முன்னால் 41,207 பேர்.

ஒருவர் முதுகும் தெரியவில்லை.
இருமல் இல்லை, குடை இல்லை,
"இடத்தைப் பார்த்துக்கோங்க, இதோ வந்துடறேன்" இல்லை.
ஒரு பச்சைப் பொம்மை மனிதன் மட்டும்
கோட்டின்மேல் நகர்ந்துகொண்டிருந்தான்
காலே அசைக்காமல்.

மகள் எலனுக்குப் பதினாறு ஆகப்போகிறது.
இரண்டு இருக்கை போதும்,
உச்சி அடுக்கு, தூணுக்குப் பின்னால் என்றாலும்.
சுவரொட்டியில் அறுபத்தைந்து பவுண்டிலிருந்து என்றிருந்தது.
அந்த 'இலிருந்து' மட்டும் பொடி எழுத்தில்.

பன்னிரண்டே முக்காலுக்குக் கதவு திறந்தது.
நூற்று நாற்பத்தொன்பது.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.
நூற்று எண்பத்தெட்டு.
அதே தூண், அதே இருக்கை.
கண்ணாடி துடைத்த கூலி முப்பத்தொன்பது பவுண்டு.

அழுத்தினார்.
சேவைக் கட்டணம் என்றது. யாருக்கு யார் செய்தது?
அரங்கக் கட்டணம் என்றது.
பின் எங்கே பாடுவதாக இருந்தார்களாம், ஆற்றிலா?
வீட்டிலேயே அச்சிடும் கட்டணம்:
காகிதம் இவருடையது
மை இவருடையது
மூன்று மாதமாகச் சிவப்பு விளக்கு எரியும் அச்சுப்பொறியும்
இவருடையதே.

சுண்டைக்காய் கால் பணம்
சுமைகூலி முக்கால் பணம்.
இருக்கட்டும், சுமந்தவன் எங்கே?
ஒருமுறை வந்து முதுகைக் காட்டட்டும்,
கையில் எண்ணிக் கொடுத்துவிடலாம்.

மூலையில் கடிகாரம் பின்னோக்கி ஓடியது.
இன்னும் நாற்பது நொடி.
இன்னும் முப்பத்தெட்டு.
மீன் வாடை விரலால் அட்டை எண்ணைத் தட்டினார்.

இருவருக்கும் நானூற்று அறுபத்தொன்று.
எலனிடம் நூற்று முப்பது என்று சொன்னார்.

மறுநாள் சனி. இரவெல்லாம் காற்று.
மற்றவர்களுக்குச் சிப்பி வரவில்லை,
கெதின் கடையில் மட்டும் மூன்று கூடை.
வரிசை பூக்கடையைத் தாண்டி வாசல்வரை நீண்டது.
முதுகுகள், இருமல்கள், சொட்டும் குடைகள்.

கரும்பலகையில் விடிகாலை எழுதியது:
சிப்பி, கிண்ணம் நான்கு.

"ஆறு போடவா?" என்றான் எம்லின், உதடு அசையாமல்.

விலையை அழிக்கத் தெரியாதவர் இல்லை அவர்.
தினமும் சாயங்காலம் நான்கு மணிக்கு அழிப்பார்,
பாதியாக்கி எழுத.
மற்றபடி அந்தப் பலகையைத் தொட்டதில்லை.

இப்போது சாக்கட்டி கையில் இருந்தது.
எப்போது எடுத்தார் என்று அவருக்கே தெரியாது.

"எவ்வளவு?" என்றாள் முதலில் நின்றவள்,
மழைக்கோட்டோடு,
பலகையைப் பார்த்துக்கொண்டே.

"நான்கு."

"மொத்தமே நான்கா?"

"பையோடு சேர்த்து."

அவள் சில்லறை எண்ணினாள்.
ஈரத்தில் சாக்கட்டி குழைந்து
விரலிடுக்கெல்லாம் வெள்ளை.

மாலை, தரையைக் கழுவிவிடும்போது
எம்லினிடம் மெதுவாகக் கேட்டார்:
ஐந்தாவது போட்டிருக்கலாமோ?