பங்காளி

மாசி மாதம், ஏஜாக்ஸ் நகர நூலகம்.
தெற்கே ஏரி கரையோரம் மட்டும் உறைந்து கிடக்க,
பதினொரு பக்க ஒப்பந்தம் ஒன்றைத்
தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன், கூலியில்லாமல்.

முல்லைத்தீவுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம்.
ஒரு குழாய்க்கிணறு, ஆறு மலசலகூடம்.
கிணற்றுக்கு ஒரே இரவில் காசு சேர்ந்தது:
கல்லில் பெயர் வெட்டலாம்.
மலசலகூடத்துக்குப் பெயர் கொடுக்க
நான்கு மாதமாய் ஒருவரும் இல்லை.
கடைசியில் டக் ஹெஸ்ஸலிங், ஓய்வுபெற்ற குழாய்த் தொழிலாளி,
"ஆறிலும் என் பெயரைப் போடுங்கள்,
நாற்பது வருசம் அதற்குள்தானே இருந்தேன்" என்றார்.

மூன்றாம் பக்கத்தில் தடக்கினேன்.
இங்கிருப்பவர்களுக்கு ஒரு சொல், பங்காளர்.
அங்கிருப்பவர்களுக்கு வேறு சொல், பயனாளி.
பயனாளி கையெழுத்து வைப்பார். படத்துக்கு நிற்பார்.
பயனாளிக்குக் கோபம் வராது.

அப்பாவின் காணி உறுதியில் ஒரு வரி:
"கிணற்றில் மூன்றிலொரு பங்கும் வழிவாய்க்காலும்."
அந்த மூன்றிலொன்றுக்காகச்
சித்தப்பாவோடு பதினான்கு வருசம் வழக்கு.
ஆனாலும் ஒருநாளும்
நன்றி சொல்லிவிட்டு யாரும் தண்ணீர் அள்ளியதில்லை.
கப்பி கிறீச்சிட்டால் மூன்று வீட்டிலிருந்தும் எண்ணெய் வரும்,
மூன்று வீட்டிலிருந்தும் ஏச்சும் வரும்.

பயனாளி என்று வந்த இருபத்தேழு இடத்திலும்
பங்காளி என்று மாற்றினேன்.
சங்கத் தலைவருக்குச் சொல்லவில்லை.
ஆங்கிலம் அப்படியே இருக்கிறது.

ஆனியில் கட்டி முடிந்தது. ஆடியில் கடிதம்,
அதிபர் வதனமலரிடமிருந்து, ஒன்பது குறைகள், எண்ணிட்டு.
தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும்தான்.
உள்ளே வாளி வைக்க இடமில்லை;
ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேர்
அந்த நாட்களில் இன்னும் வீட்டில்தான் நிற்கிறார்கள்.
பரீட்சை நேரம் மோட்டார் போட்டால் காது அடைக்கிறது.
"பங்காளிகள் என்ற முறையில் எழுதுகிறோம்.
பதில் தாமதிக்க வேண்டாம்."

தலைவர் கடிதத்தை மேசையில் எறிந்தார்:
நன்றி கெட்ட சனம்.

டக் என்னைப் பார்த்தார். மொழிபெயர்த்தேன்,
ஒன்பதையும், ஒன்றையும் மெதுவாக்காமல்.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
கடிதத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு கதவு கீறினார்.
தாழ்ப்பாள் எந்த உயரத்தில், கேள் என்றார்,
ஆறு வயசுக் கைக்கும் எட்ட வேண்டுமே.

அங்கே விடிய இன்னும் அரை மணி.
அழைத்தேன்.
மூன்றாவது மணியில் எடுத்தார் அதிபர்.
முதல் சொல்லே ஏச்சு.