வேலந்தாவளத்தில் பதினோராவது டேக்

கயிற்றின் ஒரு முனை புளியமரத்தில்,
மறுமுனை என் கையில்.
அன்றைக்கு எனக்கு அதுதான் வேலை.
உதவி இயக்குநர் என்று டைட்டிலில் வரும்,
வந்தால்.

செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் கேரளம்.
பலகையில் எழுத்துதான் வளைந்துகொள்கிறது.
காற்று வளைவதில்லை,
கணவாய் வழியே நேரே வந்து
எங்கள் தெர்மாகோலைத் தமிழ்நாட்டுக்குள் தள்ளுகிறது.

காட்சி இது:
அதிகாரி தடுக்கிறான்.
வேன்காரன் போயாக வேண்டும்,
உள்ளே அவன் தம்பி, கழுத்துவரை போர்வை.
ஏழாவது வரைவுவரை அதிகாரிக்கு
லஞ்ச ஆசையும் ஒரு தங்கப்பல்லும் இருந்தன.
ஜெபசிங் சார் ஒரு ராத்திரி பல்லைப் பிடுங்கினார்.
"கெட்டவன் எதிரே நின்றால் சண்டை வரும், கதை வராது.
இவனும் சரியாகவே இருக்கட்டும்."
ஆகவே அதிகாரிக்கு ஒரு கொள்ளைநோயைக் கொடுத்தோம்,
அவன் முதுகுக்குப் பின்னால் எண்ணூறு வீடுகள் கொடுத்தோம்.
விட்டால் ஊர் சாகும்.
நிறுத்தினால் தம்பி.
பேப்பரில் நன்றாகத்தான் இருந்தது.

பத்து டேக் வெயிலில் போயின.
அதிகாரி சுதாகரனும் வேன்காரன் அன்வரும்
கட் என்றதும் ஒரே குடைக்குள் புகுந்து
ஒரு பழம்பொரியைப் பிய்த்துத் தின்றார்கள்.
உதட்டில் எண்ணெய் காயுமுன் அடுத்த டேக்கில் கத்தினார்கள்.
வசனம் மோதியது.
ஆட்கள் மோதவில்லை.

அப்போதுதான் கயிற்றுக்கு முன்னால்
ஒரு மினிலாரி வந்து நின்றது.
நாச்சிபாளையத்துத் தக்காளி, நூற்றிருபது பெட்டி.

"ஏனுங்க அம்மிணி, கயித்தை எறக்குங்க."
"ரெண்டே நிமிஷம்ணா, ஷாட் போயிட்டிருக்கு."
"மூணு மணிக்கு ஏலமுங்க."
"ரெண்டே நிமிஷம்."
"தக்காளிக்கு உங்க கதை தெரியாதுங்களே."

எத்தனை முறை ரெண்டு நிமிஷம் என்றேன்?
கண்டினியூட்டி நோட்டில் அது இல்லை.
வண்டி முகப்பில் மகள் பெயர் பெரிதாக,
அதன் கீழே சிறிதாக வெள்ளிங்கிரி.
பெட்டிகளின் அடியில் சாறு சொட்டத் தொடங்கியிருந்தது.

அவரைப் போகவிட எனக்கு ஆசைதான்.
என் பின்னால் முப்பத்தெட்டு பேரின் பேட்டா,
நாளைக்குச் செல்லாத அனுமதிக் கடிதம்,
நகர்ந்துகொண்டே இருக்கும் நிழல்.
அவர் பின்னால் விதைக்கடன், டீசல், மூன்று மணி.
கயிறு எந்தக் கட்சியும் இல்லை.
உள்ளங்கை வியர்த்து அது நழுவியபோது
நான் இன்னும் இறுக்கித்தான் பிடித்தேன்.
ஒருவரும் கேமராவை இந்தப் பக்கம் திருப்பவில்லை.

பதினோராவது டேக்கின் நடுவில்
அவர் ஹாரனை அழுத்தினார்.
அழுத்தியபடியே இருந்தார்.
ஒலிப்பதிவாளர் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தார்.
அன்வருக்கு வசனம் மறந்துபோனது.
சுதாகரனுக்கும்.
எதற்காக இங்கே நிற்கிறோம் என்பது
அப்போதுதான் தெரிந்தவர்கள்போல
இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.
ஜெபசிங் சார் கட் சொல்லவில்லை.

கயிற்றை இறக்கும்போது மூன்றேகால்.
வெள்ளிங்கிரி என்னைத் திட்டவில்லை.
திட்டியிருந்தால்
எனக்கும் ஒரு வில்லன் கிடைத்திருப்பார்.
கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போனார், அவ்வளவுதான்.

அந்த ஹாரன் படத்தில் இருக்கிறது.
தம்பி படுத்திருக்கும் வேனுடையது என்றுதான்
தியேட்டரில் நினைக்கிறார்கள்.
டைட்டிலில் என் பெயரும் வந்தது, ஓர் எழுத்துப் பிழையோடு.

தக்காளி அன்றைக்கு
என்ன விலைக்குப் போனதோ, தெரியாது.