கரியரில் ஒருத்தி

உவர்மலை ஏத்தத்தில்தான் முதலில் தெரிந்தது.
சைக்கிள் பாரமாகிவிட்டது.
காத்துப் போய்விட்டதாக்கும் என்று இறங்கிச் சில்லை அமத்திப் பார்த்தேன்.
காத்து இருந்தது.
கரியர் வெறுமையாய் இருந்தது.
"உருட்டாதையடி, மிதி" என்றாள் லக்சாயினி.
செத்துப் பன்னிரண்டு நாள்.

அதே சோம்பேறிக் குரல்.
எந்த ஏத்தத்திலும் இறங்கி நடக்காதவள்.
டெங்கு வார்டில் கிடந்து
பிளேட்லெட் எண்ணிக்கையை மேட்ச் ஸ்கோர் மாதிரி அனுப்பினாள்:
எழுபது. நாற்பத்தொன்று. பத்தொன்பது.
ஆல் அவுட் ஆகமாட்டன், பயப்படாதை.
கெமிஸ்ட்ரி நோட்ஸ் கொண்டு வா.

மழை, நாளைக்கு வாறன் என்று எழுதினேன்.
மழை பெய்ததும் உண்மைதான்.

அவர்கள் வீட்டுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு.
எனக்கு ஒன்றுமில்லை.
பள்ளிக்கூடம் அரைநாள் லீவு தந்தது.
"அழுதது காணும், நீ என்ன சொந்தமே?" என்றா அம்மா.
சொந்தமில்லை.
ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே வாங்கு,
ஒரே ரப்பர், இரண்டாய் வெட்டினது.
அதற்கு முறைப்பேர் ஒன்றும் இல்லை.

டியூஷன் விட்டு வரும் வழியெல்லாம் முறைப்பாடுதான்.
"என்ர படத்துக்கு முன்னால சிவப்புப் பல்ப் மினுங்குது,
கொத்துரொட்டிக் கடை மாதிரி.
அண்ணாட்டச் சொல்லு."
"நீயே சொல்லன்."
"அவனுக்குக் கேக்குதில்லை.
கதவைப் பூட்டிப்போட்டு கேம் அடிக்கிறான்.
தோத்துத் தோத்து அடிக்கிறான்."

கோட்டை வாசலடியில் மான்கள்
லஞ்ச்சீற் தின்றுகொண்டு நின்றன.
எங்களைக் கண்டு ஒன்றும் விலகவில்லை.
"பேய்க்கு மானும் பயமில்லை" என்றாள்,
கொஞ்சம் மனம் நொந்துதான்.

அன்றைக்குக் கேட்டேன்: "நொந்ததா?"
"நோவில்லை. தாகம்.
தண்ணி கேட்டன். நர்ஸ் அங்கால் கட்டிலில நிண்டவ."
"பிறகு?"
"பிறகு உன்ர சைக்கிள்."

டச்சுக்குடாவில் அலை வந்து வந்து போனது.
"நீ ஏன் வரேல்லை?" என்றாள்.
"மழை" என்றேன்.
மூன்று நாள் அவள் வாய் திறக்கவில்லை.
பாரம் மட்டும் ஏறி இறங்கியது.

முப்பத்தோராம் நாள்
அம்மாவிடம் கிளாஸ் என்று சொல்லிவிட்டுக்
கன்னியாவுக்கு மிதித்தேன்.
நோட்ஸ் கரியரில்.
வெந்நீர்க் கிணறுகள் ஏழு, ஏழும் ஏழு சூடு.
பெண்டுகளுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன்.
அண்ணா ஐயர் சொன்ன கிணறெல்லாம் அள்ளி ஊற்றினான்,
தன் மொட்டைத் தலையை
வேறு ஆரோவின் தலை மாதிரித் தடவிக்கொண்டு.
லக்சாவின் அம்மா வாளியைப் பிடித்தபடி
தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தா.

சைக்கிளடிக்குத் திரும்பிப் போய்
ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்:
மழை இல்லை, லக்சா.
நீ அனுப்பின கடைசிப் படத்தில முகம் ஊதியிருந்தது.
அதைப் பாக்கப் பயந்தனான்.
நீ சாகப்போறாய் எண்டு எனக்குத் தெரியும்.
தெரிஞ்சுதான் வரேல்லை.

ஒரு குரங்கு ஆருடையதோ தேங்காய்ப் பாதியுடன் ஓடியது.
வேறு ஒரு சத்தமும் இல்லை.

போகமுதல் அண்ணாவிடம் போனேன்.
"அந்தச் சிவப்புப் பல்பைக் கழட்டுங்கோ.
அவளுக்குப் பிடிக்காது."
எப்படித் தெரியும் என்று அவன் கேட்கவில்லை.
"பிடிக்காதுதான்" என்றான்.
நாங்கள் இரண்டு பேரும் அந்தச் சொல்லை
இறந்தகாலத்தில் சொல்லவில்லை.

உவர்மலை ஏத்தத்தில்
பாரம் இருந்ததா இல்லையா, இப்பவும் தெரியாது.
எதிர்க்காத்து.
மூச்சு வாங்கியது. இறங்கவில்லை.

வீட்டடியில் நோட்ஸை எடுத்தேன்.
முதல் பாடத்திலிருந்து அமிலம், காரம் வரைக்கும்
ஊறி நனைந்திருந்தது.
தாளில் இன்னும் இளஞ்சூடு.
வானத்தில் ஒரு பொட்டு முகிலில்லை.

கொடியில் ஒவ்வொரு தாளாய்க் கிளிப் போட்டேன்.
"எதில நனைச்சனி?" என்றா அம்மா.

மழை என்றேன்.