இலையின் பின்பக்கம்

சனிக்கிழமை இரவு ஒன்பதரைக்கு
றோதை பச்சையாய்க் கக்கினான்.
சைக்கிள், லொறி, பால் வான்,
எது உருண்டாலும் துரத்துவதால் அந்தப் பெயர்.
அன்றைக்குப் படலையில் வந்து நின்ற ஓட்டோவைத்
தலைதூக்கியும் பார்க்கவில்லை.

வீட்டில் இரண்டு பன்னம்.
தண்ணீர்த் தாங்கியின் ஒழுகும் குழாயடியில் ஒன்று,
நான் வாடகைக்கு வருமுன்பே குடியிருந்தது.
மற்றது, அம்பாறைக் காணிக் கந்தோரிலிருந்து
மாற்றலாகி வந்த நாள்
குசுமலதா மிஸ் என் கையில் திணித்த சாடி.
"பன்னம். வீட்டுக்குள்ள வைங்க, நல்ல காத்து"
தமிழைத் தேடித் தேடிச் சொன்னாள்.
கல்முனை மட்டும் அது என் மடியில் வந்தது.

எது தின்றான்?
டொக்டர் போனில் சொன்னார்: ரெண்டையும் கொண்டாங்க.
கல்லடிப் பாலத்தில் காற்று இரண்டு சாடியையும் பிடித்து உலுப்ப,
ஓட்டோக்கார அருமைத்துரை திரும்பிப் பார்த்து,
"என்னகா, தோட்டத்தோடயா ஆசுபத்திரிக்கு?"
நான் சிரிக்கவில்லை.
மடியில் நாயின் வயிறு கொதித்துக்கொண்டிருந்தது.

டொக்டர் பைறூஸ்
சாப்பாட்டிலிருந்து எழும்பி வந்த மனிசன்,
ஒரு பொத்தான் மாறிப் பூட்டியிருந்தார்.
முரசை அமத்தினார், வயிற்றைத் தடவினார்,
பிறகு ஓர் இலையைப் பிடித்துத் திருப்பினார்.
பின்பக்கம், நடு நரம்பின் இரு கரையிலும்
தையல் ஓடியதுபோல் மண்ணிறப் பொட்டுகள்.
"இது பன்னம். பூக்காது, காய்க்காது.
கனக்கத் திண்டா வாந்தி எடுக்கும். நஞ்சில்ல."

அடுத்த சாடி.
புகை மாதிரி மெல்லிய பச்சை, உள்ளே முள்.
இன்னும் உள்ளே,
தண்ணீர் ஊற்றும்போது ஒருநாளும் நான் குனிந்து பாராத இடத்தில்
ஏழெட்டுச் சிவப்புப் பழம்.
"பழம் வைக்கிற பன்னம் எங்கயும் இல்ல மிஸ்.
இது தண்ணீர்விட்டான் சாதி.
நீங்க கஞ்சியில குடிக்கிற சாத்தாவாரிக்கு
ஒன்றுவிட்ட தம்பி.
நாய்க்கு இந்தப் பழம் ஆகாது,
சாறு பட்டுப்பட்டுத் தோலும் கடிக்கும்."

பத்தொன்பது வருடம்
என் மேசைக்கு வந்த ஆட்களுக்கெல்லாம் சொன்னவள் நான்:
உறுதியில் பேர் கிடந்தால் போதாது,
எல்லையைப் போய்ப் பாருங்க.

பேப்பரில் சுற்றிக் கொண்டுபோன வாந்தியை
டோர்ச் அடித்துக் குச்சியால் கிளறினார்.
பன்னமுமில்லை, பழமுமில்லை.
அறுகம்புல். நாலைந்து மீன் செதில்.
"கடற்கரையில எதையோ திண்டிருக்கான்.
தன்ட வைத்தியத்தத் தானே பாத்திட்டான்."
ஓர் ஊசி போட்டார்.
காசு வாங்கும்போது மட்டும்
டொக்டருக்குக் கொஞ்சம் வெட்கம்.

திரும்பி வருகையில், பாலத்தின் நடுவில்,
ஐஸ் லொறியொன்றின் பின்சில்லைப் பார்த்து
றோதை குரைத்தான்.
அருமைத்துரை ஹோர்ன் அடித்தார், சும்மா.

குசுமலதாவுக்குச் சொல்லவில்லை.
அவளும் பன்னமென்று நம்பித்தானே தந்தாள்.
சாடியை எறியவும் மனமில்லை.
விறாந்தை முகட்டில் உயரக் கொளுவினேன்.
ஞாயிறுதோறும் கதிரையில் ஏறிப்
பழங்களை ஒவ்வொன்றாய்க் கிள்ளுகிறேன்,
எண்ணி, கடதாசியில் மடித்து.

எல்லாம் சரி,
புலுனிகளுக்கு யார் சொல்வது?
மார்கழி மழை விட்டபின்
படலையோர மணலில் நூல்போல ஒரு தளிர்.
பிடுங்கக் குனிந்தேன்.
றோதை முந்தினான்.
மோந்தான்.
அறிஞன்போல் கொஞ்சம் யோசித்தான்.
பிறகு
பின்காலைத் தூக்கித்
தண்ணீர் விட்டான்.