ஒரே குறிப்பு

பகலில் ஜவ்வரிசி பார்க்கிறேன்.
செவ்வாய்ப்பேட்டைக் கிடங்கில்
ஆலைப் பெயர் இல்லாமல் எண் மட்டும் ஒட்டிய தட்டுகள்.
வெள்ளை, மங்கல் வெள்ளை, பழுப்போடிய வெள்ளை என்று
எழுதிக் கொடுப்பது வேலை.
யாருடைய மூட்டை என்று தெரிந்துவிட்டால்
கண் கொஞ்சம் பொய் சொல்லும்.

இரவில் அதே கண்ணோடு
குறிப்புச் செயலியைத் திறக்கிறேன்.
யார் யாரோ, சம்பளமில்லாமல், செய்து போட்ட தோற்றங்கள்
இருநூற்றுப் பதினொன்று.
ஒரு பட்டியல் வேண்டும் என்றார்கள்.
கரண்ட் நின்று நின்று வரும் மே மாதம்,
புழுக்கத்தில், யோசிக்காமல்,
சரி என்று சொல்லிவிட்டேன்.

எதை முதலில் வைப்பது?
அகர வரிசை என்றேன்.
மறுநாளே ‘இரும்பாலை இரவு’
‘அஅ இரும்பாலை இரவு’ ஆனது.
இறக்கியவர் எண்ணிக்கை என்றேன்.
மேலே இருந்தது மேலேயே இருந்தது,
பஸ் ஸ்டாண்டில் வாசலோரக் கடைக்கே
கூட்டம் போவதுபோல.
தினமும் குலுக்கிப் போடுங்கள் என்றார் நிசார் அகமது.
குலுக்கினேன்.
அன்று கடைசியில் விழுந்தது நிசார் அகமதுடையது.
இரண்டு நாள் அவர் பேசவில்லை.

இப்போது அகர வரிசைதான்,
ஆனால் நாளுக்கொரு எழுத்தில் தொடங்கும்.
‘அஅ’வைக் கத்தரித்துவிட்டேன்.

அடுத்த தொல்லை படங்கள்.
ஒருவர் தன் தோற்றத்தைக்
காதல் கடிதத்தின்மேல் போர்த்தி அனுப்பினார்.
கோகிலவாணி பின்னால் ஏற்காட்டு ஏரியையே நிறுத்தியிருந்தாள்.
ஏரி அழகு. அது அவள் செய்ததில்லை.
எல்லாவற்றையும் தள்ளிவிட்டு
எல்லாருக்கும் ஒரே குறிப்பைத் திறந்தேன்,
அன்று என் போனில் கிடந்ததை:

மின் கட்டணம், 19க்குள்
தட்டுவடை செட் நாலு, ஒன்றில் பூண்டு வேண்டாம்
கீரைக்காரருக்குப் பாக்கி
பல் டாக்டர்

கடைசி வரி மட்டும் அடித்திருக்கும்.
போய்விட்டு வந்து அடித்ததல்ல.

இருநூறு முறைக்கு மேல் அதையே பார்த்தேன்.
மூன்று தோற்றங்களில் புள்ளி கரைந்து
பல், பல ஆகியிருந்தது.
ஒன்பதில் கீரையின் கொண்டை
மேல்வரியில் இடித்து அறுந்திருந்தது.
‘புள்ளி மங்கல்’, ‘மேல்விலங்கு வெட்டு’ என்று
கோபமில்லாமல் எழுதினேன்,
ஜவ்வரிசிக்கு எழுதுகிற அதே சுருக்கத்தில்.

மூடுபனி என்ற பெயரில் நான்கு.
யார் முதலில் என்று சண்டை.
தேதியைத் தோண்டியதில் முதலாவது
நாகலூர் லூர்துராஜ் செய்தது.
மூன்று வருடமாக அவரிடமிருந்து பதில் இல்லை.
‘கைவிடப்பட்டது’ என்று தட்டப் போய்
விரல் நின்றது.
கைவிட்டாரா, வேலை மாறினாரா,
பாஸ்வேர்டைத் தொலைத்துவிட்டு
மலையில் எங்காவது மிளகு உலர்த்துகிறாரா.
‘கடைசித் திருத்தம்: ஆகஸ்ட் 2021.’
எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

என்னுடையதும் ஒன்று உண்டு.
‘வெள்ளைக்கல் மதியம்.’
சுரங்கத்துப் பக்கம் பஸ் திரும்பும்போது
கண்ணைக் கூசுமே, அந்த நிறம்.
யாரும் கேட்கும்முன் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.
எடுத்ததில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அம்மாப்பேட்டை சாந்தாராம் ஒரு வரி அனுப்பினார்:
‘எனக்குச் சிவப்பும் பச்சையும் குழம்பாத தோற்றம்
அது ஒன்றுதான். எங்கே காணோம்?’

என் பெருமையை வைத்து
அவர் என்ன செய்வார்?
என் வீட்டு மூட்டையே வந்தாலும்
எண் ஒட்டித் தட்டில் வைப்பதுதான் முறை.
திருப்பி வைத்தேன், ‘வெ’ வரிசையில்.
வகரத்தில் தொடங்குவது ஞாயிற்றுக்கிழமை.
அன்று யாரும் பட்டியல் பார்ப்பதில்லை.

அதே குறிப்பைத் திறந்து
படம் எடுத்தேன்.
குறை என்ற இடத்தில் எழுதினேன்:
அடித்த கோடு கண்ணுக்குத் தெரியவில்லை.

என் தோற்றத்தில் மட்டும்
பல் டாக்டர் இன்னும் பாக்கி.
இடது கடைவாயும் அதைத்தான் சொல்கிறது.