சாட்சிக் கையெழுத்து

ஸ்டான்லி பிணவறையில்
பாலித்தீன் உறையைப் பிரித்தார்கள்.
உள்ளே, நனையாமல், என் கையெழுத்து.

காசிமேட்டில் எட்டு நாளாக
வஞ்சிரம் வாங்க ஆளில்லை.
கடல் எதைத் தின்றதென்று ஊருக்குத் தெரியும்.

நிரோஜன். கும்மிடிப்பூண்டி முகாம், ஒன்பதாம் வரிசை.
பத்திரத்தில் அவனை
ராயபுரத்தில் பிறக்கவைத்தவன் நான்.
எப்ரேம் தந்த முன்பணத்தில்
பிராந்திக் கடை பாக்கி தீர்ந்தது,
மகளின் இரண்டாம் தவணையும்.
ரேகை வைத்த பெருவிரலைத்
தலைமுடியில் துடைத்தபடி சொன்னான்:
"ரீயூனியன்ல இறங்கின உடன கோல் எடுக்கிறன் சேர்."

அந்த விரலைத்தான்
மீன் பாதி விட்டு வைத்திருக்கிறது.

"உங்க சீல்தானே, வக்கீல் சார்?"
என் முத்திரையில் 'ட்' தேய்ந்திருக்கும்,
பைக்கிலிருந்து விழுந்த நாள்முதல்.
இதிலும் 'ட்' இல்லை.

"போலி" என்றேன்.

இன்ஸ்பெக்டர் ஒன்றும் பேசவில்லை.
கண்ணாடியைத் துடைத்தார்.

வெளியே குழாயடியில் கை கழுவினேன்.
ஊதா மை நகக்கண்ணில் நின்றது.
கைக்குழந்தையோடு ஒருத்தி எழுந்து வந்தாள்.
என்னை யாரென்று தெரியாது.
கறுப்புக் கோட்டு மட்டும் தெரிந்தது.

"இவரை எடுக்க
சாட்சிக் கையெழுத்து ஒண்டு வேணுமாம், ஐயா."

பேனாவை நீட்டினாள்.
அவள் பின்னால்
இன்ஸ்பெக்டரும்
அதன் முனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.