பத்தாயிரத்தில் ஒன்று

லாபிஸ் ஆலை ராம்ப்பில்
ஒரு நாளைக்கு நாற்பது லாரி.
கொக்கியால் செம்பனைக் குலையைப் புரட்டி
பழமா, காயா, அழுகலா என்று
சொல்வது என் வேலை.
கறுத்துப் பளபளத்து
ஒன்றும் உதிராமல் இறுகியிருந்தால் 'மூடா'.
சீட்டில் எழுதுவேன்.
லாரிக்காரன் என் அம்மாவை இழுத்துத் திட்டுவான்.

டாக்டர் நோர்ஹயாத்தி தாளில்
வட்டம் வட்டமாய் வரைந்தார்.
எலும்புக்குள் பழுக்காமலே பெருகுகிறவை.
"செல் மூடா, என்சிக்."
ராம்ப்பில் தினம் நூறு முறை சொல்கிற சொல்,
அன்றைக்குத்தான் தமிழில் கேட்டது.

மூடன்தான்.
காலில் நீலம், பாலர்பள்ளிச் சறுக்கு மரம் என்றேன்.
முட்டி வலிக்கு, வளர்கிறாள் என்றேன்.
காய்ச்சலுக்குத் தோட்டத்து டிரெசர் பனடோல் கொடுத்தார்.
ஹேமஷினி வெளுத்துக்கொண்டே வந்தாள்,
சொந்தக்காரர்கள் கலர் வந்துவிட்டது என்றார்கள்.

லுகேமியா ஒரே பேர் என்று நினைத்திருந்தேன்.
அதில் பி வகை, டி வகை.
பி-க்குள்ளே இன்னும் கிளைகள்.
பன்னிரண்டாம் குரோமோசோமும் இருபத்தொன்றும்
துண்டு மாற்றிக்கொண்டிருந்தால்
பெரும்பாலும் மருந்து கேட்கும்.
ஒன்பதும் இருபத்திரண்டும் மாற்றிக்கொண்டிருந்தால்
வைத்தியமே வேறு.
தெரிய இரண்டு வாரமாகும் என்றார்கள்.
இரண்டு வாரமும்
நாலு நம்பர் கடை வரிசையில் நிற்பவனைப் போல
ஒன்று இரண்டு இரண்டு ஒன்று,
ஒன்று இரண்டு இரண்டு ஒன்று
என்று மாரியம்மனிடம் நம்பர் கேட்டேன்.

முதல் ஏழு நாள் ஸ்டீராய்டு,
முதுகுத்தண்டில் ஓர் ஊசி.
எட்டாம் நாள் ரத்தத்தில் எண்ணுவார்கள்.
ஆயிரத்துக்குக் கீழே என்றால் பணிகிறது.
வார்டில் தாய்க்கு மட்டும்தான் இடம்.
ராத்திரி இரண்டு மணிக்கு போன்:
"அப்பா, நெத்திலி."

எட்டாம் நாள், பதினேழாவது லாரி.
குலைமேல் நிற்கையில் விமலேஸ் கூப்பிட்டாள்.
"தொண்ணூறு."
அந்த லாரியில் நான் ஒரு காயும் எழுதவில்லை.

பக்கத்துக் கட்டில் ஹாரித்துக்கு வயது பதினொன்று,
டி வகை. அவனுக்கு நாலாயிரம்.
அவன் அம்மா கக் ரோஹானா
தன் கஞ்சியில் பாதியை விமலேஸுக்கு ஊற்றி
"சுக்கூர்லா" என்றாளாம், நன்றி இறைவனுக்கு.
இதைக் கேட்டபின்
என் சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல்
கொக்கியைத் தரையில் வைத்தேன்.

நம்பர் அடிக்கவில்லை.
பன்னிரண்டு இருபத்தொன்று இல்லை.
ஒன்பது இருபத்திரண்டும் இல்லை.
எந்தக் கிளையிலும் சேராத ஒரு பி.

முப்பத்து மூன்றாம் நாள் மறுபடி எலும்பு ஊசி.
பத்தாயிரத்தில் ஒன்றுகூட
தென்படக் கூடாதாம்.
கணக்குப் போட்டேன்.
குலைக்கு ஆயிரத்தைந்நூறு பழம் வைத்தால் ஏழு குலை.
ஏழு குலையையும் உதிர்த்துத் தரையில் பரப்பி
ஒரே ஒரு காயைத் தேடுவது.
இருபது வருடம் கண்ணால் பிழைத்தவன் நான்,
என்னால் முடியாது.
அதற்கு மெஷின் இருக்கிறது,
ஒரு வாரம் எடுக்கும்.

வந்தது.
ஹாரித்துக்கு ஒன்றும் இல்லை.
எங்களுக்குப் பத்தாயிரத்தில் மூன்று.

விமலேஸ் எழுந்துபோய்
ரோஹானாவின் கையைப் பிடித்து
"சுக்கூர்லா" என்றாளாம்.
அதற்குமேல் போனில் அவள் பேசவில்லை.
பின்னால் யாரோ பிள்ளையின் கார்ட்டூன் சத்தம்.
டாக்டர் மருந்தைக் கூட்டுவாராம்.
மூன்று என்றால் முடிந்தது என்றில்லையாம்.
தெரியும்.
மூன்று காய்க்கு
எந்த லாரியையும் நான் திருப்பி அனுப்பியதில்லை.

நாளைக் காலை ஜொகூர் ரயில்.
உப்பு ஆகாது என்றார்கள்.
நெத்திலியைக் கழுவி வைத்திருக்கிறேன்,
மூன்று தண்ணீர்.
ஒன்றை வாயில் போட்டுப் பார்த்தேன்,
இன்னும் கரிக்கிறது.
நாலாம் தண்ணீர் ஊற்றுகிறேன்.